மூன்று அலமாரி நிறைய, ஒரு பழைய துணி இல்லை

1

பையனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. ஊரிலிருந்து போன் மேல் போன். பொம்மையார்பாளையத்தில் இருக்கும் என் மனைவி மதியின் அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார்.

"மாப்ள, பட்டு வேட்டி சட்ட செட்டா எடுத்துடட்டுமா, இல்ல கோட்டு சூட்டா? சைஸ் மட்டும் சொல்லுங்க. புதுச்சேரியில புதுக் கட போட்ருக்கான்."

"மச்சான், புதுசு எதுவும் வேணாம். உங்க பசங்க சின்னதுல போட்ட துணி எங்கயாவது பெட்டியில கெடந்தா அத அனுப்புங்க. போதும்."

 அவர் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே தங்கைக்குத் தனியாகப் போன் போட்டு, "உங்க வூட்டுக்காரருக்கு வேல கீல போயிடுச்சா? மறைக்காம சொல்லு," என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாளில் இந்தச் செய்தி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி என் ஊரான மரக்காணத்துக்கு வந்துவிட்டது. என்னோடு படித்த ஒருவன், "ஏம்பா, நம்ம ஊர்லயே ஏதாவது பாக்கலாம் வா," என்று செய்தி அனுப்பினான். தாய்மாமன் சீர் செய்யக் கேட்டால் பழைய துணி கேட்கிறவனை வேறு எப்படித்தான் நினைப்பார்கள்.

வேலை போகவில்லை. கடனும் இல்லை. நாங்கள் மூன்று பேரும், இப்போது நான்கு பேரும், நலமாகத்தான் இருக்கிறோம். ஆனால் போனில் சொல்லி விளங்க வைக்கிற விஷயம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

நான் இருப்பது வட ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். வேலை செய்வது ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில். இணையத்தில் துணி வாங்குகிறவர்கள் அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவதெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். அந்தப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டுகள் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பாலிடெக்னிக்கில் படித்தது வீண் போகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது. நான் மரக்காணத்துக்காரன். சாலை ஓரம் நெடுக உப்புக் குவியல்களைப் பார்த்து வளர்ந்தவன். குவியல் எனக்குப் புதிதல்ல. ஆனால் உப்பு லாரி ஏறினால் போய்விடும், திரும்பி வராது. இங்கே போன துணியெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு மட்டும் போட்டுவிட்டு, விலைச் சீட்டைக் கிழிக்காமல் கழுத்துக்குள் மறைத்து வைத்து, வாசனையோடு திருப்பி அனுப்பிய கவுன்கள் உண்டு. ஒரே சட்டையை மூன்று அளவில் வாங்கி இரண்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பெல்ட் ஒரு நிமிடம் நின்றால் பின்னால் துணி மலையாகச் சேர்ந்துவிடும். மனிதர்கள் இவ்வளவு துணி உடுத்துகிறார்களா என்று ஆச்சரியப்பட்டேன். இல்லை, உடுத்துவதில்லை, வாங்குகிறார்கள் என்று பிறகு புரிந்தது.

அந்த மலையிலிருந்து எங்கள் வீட்டுக்கும் ஒரு ஓடை வந்தது. பொத்தான் இல்லாதது, பெட்டி கிழிந்தது எல்லாவற்றையும் வேலை செய்கிறவர்களுக்குச் சொற்ப விலைக்குக் கொடுப்பார்கள். சும்மா கிடைத்தால் எனக்கு ஒன்று, எங்கப்பனுக்கு ஒன்று என்கிற கதைதான். வாராவாரம் பை நிறையக் கொண்டுவந்தேன். மூன்று அலமாரிகள் கதவு மூடாமல் பிதுங்கின. இடம் போதாவிட்டால் தெருமுனையில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. பழைய துணி போடுவதற்கு ஊருக்கு ஊர் இந்தப் பெட்டி உண்டு. கைப்பிடியை இழுத்து, மூட்டையை வைத்து, விட்டால் 'டங்' என்று சத்தம். யாரோ ஏழைக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, காலியான தட்டில் அடுத்த வாரத்தை அடுக்குவோம்.

இப்படியே பல வருடம் ஓடியது.

3

போன வருடம் மதிக்கு எட்டாம் மாதம். மரக்காணத்திலிருந்து என் அக்கா கலா போன் செய்தாள். அக்காவும் அத்தானும் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து வேலை செய்கிறவர்கள். நலம் விசாரிப்பது அவள் வழக்கமில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"டேய், பழைய துணி எடுத்து வெச்சிட்டீங்களா?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? புள்ளைய எதுல ஏந்துவீங்க? பொறந்ததும் புதுத்துணி ஆவாதுடா. நல்லா வாழ்ந்தவங்க கட்டிக் கட்டி நைஞ்ச வேட்டி, பொடவ, அதுலதான் மொதல்ல சுத்தணும். உங்க ஊட்ல இல்லாததா? கடையே வெச்சிருக்கியே."

இருக்காமல் என்ன என்று சொல்லிவிட்டு, அன்றே நானும் மதியும் மகள் மீராவும் அலமாரிகளைத் திறந்தோம். மீராவுக்குப் பதினொரு வயது. அவள் தமிழ் எங்களிடம் மட்டும் பேசுகிற தமிழ். ஒவ்வொரு உடுப்பாகத் தூக்கிக் காட்டி, "இது வயசான துணியா அப்பா?" என்று கேட்டாள். நான் சிரித்துத் திருத்தினேன். அவளுக்கு என்ன தவறு என்று புரியவில்லை. இந்த ஊர் மொழியில் வயசான பாட்டிக்கும் பழைய பாவாடைக்கும் ஒரே சொல்தான்.

கட்டில் மேல் துணி என் மார்பு உயரத்துக்குச் சேர்ந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தது. தொட்டால் வழுக்கியது, சில சடசடவென்று மின்சாரம் அடித்தது. நாலு தரம் போட்டதும் சாயம் வெளுத்தது உண்டு, பிசிறு எழுந்தது உண்டு. ஆனால் உடம்பில் கிடந்து, துவைத்து, காய்ந்து, மறுபடி உடம்பில் கிடந்து நைந்துபோன பருத்தி என்று ஒரு முழம் இல்லை. பழசாவதற்கு எதையுமே நாங்கள் விட்டு வைக்கவில்லை.

மதி அந்தக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏன் அப்படி உட்கார்ந்தாள் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மீராவுக்குப் பிறகு ஒரு குழந்தை உண்டானது. அப்போது இந்த நாட்டு வழக்கப்படி எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கினோம். சின்னச் சின்னச் சட்டை, குல்லா, காலுறை, எல்லாம் சீட்டோடு மடித்து ஒரு தட்டு நிறைய. அந்தக் குழந்தை தங்கவில்லை. ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அந்தத் தட்டை யாரும் திறக்கவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் மதி அதைச் சீட்டுகூடக் கிழிக்காமல் பையில் அள்ளிக்கொண்டு போய் இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

இந்த முறை உண்டானதும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "பொறக்கறதுக்கு முன்னாடி புதுசு எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. வாழ்ந்தவங்க துணியிலதான் இந்தப் புள்ளைய வாங்கணும்."

மதி கணக்குப் படித்தவள். ராகு காலம் பார்க்கிறவள் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பை பெட்டிக்குள் விழுந்த சத்தத்தைக் கேட்டவள் அவள்தான். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

4

இல்லாவிட்டால் செய்துகொள்வோம் என்று புறப்பட்டேன். இயந்திரக்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

பயணப் பெட்டியின் அடியில் கட்டாத கதர் வேட்டி ஒன்று இருந்தது. யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதைப் பழசாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வெந்நீரில் போட்டேன். காய வைத்தேன். மறுபடி போட்டேன். காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்ததும் ஒன்று. மெஷினில் கூடவே இரண்டு டென்னிஸ் பந்து போட்டால் துணி மெத்தென்று ஆகும் என்று எங்கோ படித்து, அதையும் போட்டேன். கீழ் வீட்டில் குதிரை ஓடுகிற மாதிரி கேட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவது பாவம். குடியிருப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஓய்வு நாளில் தொடர்ந்து இயந்திரம் ஓடுவதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

'ஒரு வேட்டியைப் பழசாக்கிக்கொண்டிருக்கிறேன்' என்பதை அலுவலக ஜெர்மனில் எப்படி எழுதுவது? மீராவிடம் கேட்டேன். அவள் எழுதிக் கொடுத்ததை அனுப்பியிருந்தால் படித்தவர்கள் நான் பழம்பொருள் மோசடி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். மன்னிப்பு மட்டும் கேட்டு அனுப்பினேன்.

எத்தனையோ தரம் துவைத்து முடித்து வேட்டியை மதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது பழசாவலீங்க," என்றாள். "களைச்சுப் போயிருக்கு. அவ்ளோதான்."

சரியாகத்தான் சொன்னாள். கரையின் சாயம் போயிருந்தது, ஓரம் பிரிந்திருந்தது, ஆனால் உள்ளே மொடமொடப்பு அப்படியே இருந்தது. அவ்வளவு தண்ணீரும் கரண்டும் போனது போனதுதான். ஒரு துணி பழசாவதற்குள் அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்து, வியர்த்து, தூங்கி, பிள்ளை தூக்கி இருக்க வேண்டும். அந்த வேலையை மெஷினுக்குக் கொடுக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வருடக்கணக்காக ஒருவர் வாழ்ந்தால்தான் ஒரு முழம் பழைய துணி உண்டாகிறது. நினைத்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது.

மீராதான் பழைய துணிக் கடைக்குப் போகலாம் என்றாள். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் வாங்குகிறார்கள். முன்பு அவள் அங்கே போகிறேன் என்றபோதெல்லாம் எனக்கு முகம் சுண்டியிருக்கிறது. கடல் தாண்டி வந்து மகளுக்கு யாரோ போட்ட துணியா என்று. இப்போது நானே அவள் பின்னால் போனேன்.

கடை பெரியது, சுத்தமானது. விற்கிற பெண் ஒவ்வொன்றையும் எடுத்து, "பாருங்கள், புதிது போலவே இருக்கிறது. யாரும் போட்ட சுவடே தெரியாது," என்று பெருமையாகக் காட்டினார். நான் சுவடு தெரிகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் மீராவைப் பார்த்தார். மீரா கூரையைப் பார்த்தாள். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பழைய லினன் விரிப்பைக் கொண்டுவந்தார். அருமையாக நைந்திருந்தது. வாங்கி வந்தேன்.

மதி அதையும் தொட்டுப் பார்த்தாள். மெதுவாக மடித்து வைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா யாரு கட்டினாங்க, வாழ்ந்தாங்களா கெட்டாங்களான்னு தெரியாம எப்பிடிங்க?"

5

வேறு வழியில்லை. அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"மூணு பீரோ துணியில ஒரு பழைய துணி இல்லியா?" என்று அவள் சிரித்த சிரிப்பு அத்தானுக்குக் கேட்டு, அவரும் பக்கத்தில் வந்து சிரித்தார். "வெக்கமா இல்ல? சரி வுடு, நான் அனுப்பறேன். இங்க இல்லாததா?"

நாலைந்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது.

"டேய், இங்கயும் இல்லடா."

அக்கா வீட்டு பீரோவிலும் எல்லாம் வழவழப்புச் சேலைகள். தீபாவளிக்கு ஒன்று எடுத்தால் ஒன்று சும்மா என்று கொடுப்பவை. இரண்டு தரம் கட்டினால் நூல் இழுக்கும், அதோடு குப்பை. நைந்த துணி என்று அவளிடம் இருந்ததெல்லாம் உப்பளத்துக்குப் போட்டுப்போகிறவை. அங்கே பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள், வெயிலுக்கும் உப்புக்கும். என் பாலிடெக்னிக் காக்கிச் சட்டையை அக்கா அப்படிப் போட்டுத் தீர்த்தாள். நடுவில் ஒரு முறை, பாவம் என்று, கிடங்கிலிருந்து விளையாட்டு வீரர்கள் போடுகிற விலை உயர்ந்த பனியன்கள் அனுப்பினேன். "போட்டா ஒடம்பு வேவுதுடா. அந்தக் காக்கிச் சட்ட மாதிரி ஒண்ணு இருந்தா அனுப்பு," என்றாள். என்னிடம் ஏது.

"அந்தத் துணியெல்லாம் உப்பு தின்னதுடா. பச்சப் புள்ளைக்கு ஆவாது. நான் கேட்டுப் பாக்கறேன் இரு," என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. உப்பளத்து வேலை முடிந்து வந்து, வீடு வீடாகப் போயிருக்கிறாள். சும்மா கிடைக்கிற பழைய துணி இல்லை, வாழ்ந்தவர்கள் கட்டியது வேண்டும். யார் வாழ்ந்தவர்கள் என்பதற்கு அவளிடம் தனி அளவுகோல் இருந்தது. பணக்காரர் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஐந்து பிள்ளை பெற்று ஐந்தையும் ஆளாக்கிய ஆரோக்கியமேரி அக்காவிடம் போய்ச் சுங்குடிச் சேலை ஒன்றில் பாதி வாங்கினாள். மீதிப் பாதியை ஆரோக்கியமேரி தன் பேத்திக்கு வைத்துக்கொண்டாள். அத்தான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த பழைய வேட்டி ஒன்றைத் தர மாட்டேன் என்று தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாராம். அதையும் வாங்கிவிட்டாள்.

துவைத்து, வெயிலில் போட்டு, மடித்துப் புதுச்சேரியில் கூரியர் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே பையன் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "பொருளோட மதிப்பு எவ்ளோன்னு போடறது?" என்று கேட்டிருக்கிறான்.

"பழைய துணிப்பா. மதிப்பு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு போட்டா எடுக்க மாட்டேங்குதுக்கா."

"அப்ப விலை போட முடியாதுன்னு போடு."

"அதையும் எடுக்க மாட்டேங்குதே."

பழைய துணி வெளிநாடு போக வேண்டுமென்றால் அந்தத் தாள் வேண்டும், இந்தத் தாள் வேண்டும் என்று கையை விரித்துவிட்டான். அக்கா அவனை நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கைகொடுத்தவர் ரஹீம் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். இங்கே நாங்கள் இருக்கும் நகரத்தில் ஒரு உணவகத்தில் சமையல். அப்போது விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா இவ்ளோ யோசிக்கிறீங்க தம்பி? என் பெட்டியில வெச்சிக் கொண்டாறேன், இன்ஷா அல்லாஹ்," என்றார். அக்கா பஸ்ஸில் கோட்டக்குப்பம் போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தபோது, பாயின் மனைவி உள்ளே போய்த் தான் உடுத்தி நைந்த வெள்ளைத் துப்பட்டி ஒன்றை எடுத்து வந்து, துவா ஓதி, அதிலேயே பொட்டலத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாராம்.

அக்கா போனில் இதைச் சொல்லும்போது அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

6

பொட்டலம் வந்ததா என்று சொல்வதற்கு முன்னால், இன்றைக்கு எங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வேலை போய்விட்டது என்று நினைக்கிறவர்களுக்காக.

மூன்று அலமாரியில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். கிடங்கில் மலிவு விற்பனை நடக்கும் நாளில் நான் வேறு வழியாகச் சாப்பிடப் போகிறேன். எதையாவது வாங்கத் தோன்றினால் மதி ஒரே கேள்விதான் கேட்பாள். "இது பழசாகுற வரைக்கும் போடுவீங்களா?" போடுவோம் என்று தோன்றினால் வாங்குகிறோம். பெரும்பாலும் தோன்றுவதில்லை. வீட்டில் லுங்கி, பருத்திச் சட்டை. முழங்கை கிழிந்தால் மீரா தைக்கிறாள். அதே நிற நூலில் தைக்கச் சொன்னால் கேட்பதில்லை. நீலச் சட்டையில் ஆரஞ்சு நூல். தைத்தது தெரிய வேண்டுமாம். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். என் மேலாளர் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்.

இந்த நகரத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குள் பிள்ளைகள் துணி இப்போது வீடு மாறி வீடு போகிறது. என் மகன் போட்டிருக்கும் ஸ்வெட்டர் அவனுக்கு முன்னால் யார் யார் போட்டது என்று எங்களுக்குத் தெரியும். உப்பளத்தில் கடல்தண்ணீர் பாத்தி மாறிப் பாத்தி போகப்போகத்தான் உப்பாகும். துணியும் அப்படித்தான் போகட்டும் என்று விட்டிருக்கிறோம். மீரா பேசுகிற தமிழ் நாளுக்கு நாள் குறைகிறதே என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் எங்களை விட்டுத் தூரம் போகவில்லை, நாங்கள்தான் அவள் இருக்கிற இடத்துக்கு நடந்து போயிருக்கிறோம்.

இரும்புப் பெட்டிப் பக்கம் நாங்கள் போய் வெகு நாளாகிறது.

7

பொட்டலம் நேரத்துக்கு வரவில்லை.

ரஹீம் பாய் வந்து இறங்கினார், அவர் பெட்டி துபாயிலேயே தங்கிவிட்டது. விமான நிறுவனத்தில் கேட்டால், தேடுகிறோம், வந்ததும் சொல்கிறோம் என்ற பதில். அதற்கு மறுநாள் காலையில் மதிக்கு வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இருந்தது. குழந்தைக்கு அவசரம்.

காரில் போகும்போது மதி வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "துணி வரலியேங்க," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் வண்டியை வேகமாக ஓட்டினேன். பயமாக இருந்தது. அவளுக்கு எதைப் பற்றிப் பயம் என்று தெரிந்ததால் இன்னும் பயமாக இருந்தது.

மதியத்துக்கு முன் பையன் பிறந்துவிட்டான். பிறந்ததும் அழவில்லை.  மதி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். செவிலியர், தலை நரைத்த வாட்டசாட்டமான பெண், குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து, பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு துணியை உருவி, முதுகை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். ஒரு இருமல். பிறகு அவன் கத்திய கத்தல் நடைபாதை முழுக்கக் கேட்டிருக்கும். அதே துணியில் நன்றாகச் சுற்றி மதியின் மார்பில் படுக்க வைத்தார்.

மதி முதலில் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அவள் விரல்கள் தானாகத் துணியின் ஓரத்தைத் தேடின. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். நிறுத்தினாள். மறுபடி தேய்த்தாள்.

"ஏங்க," என்றாள். "பழசுங்க."

நானும் தொட்டேன். வெள்ளை என்று சொல்ல முடியாத வெள்ளை. ஓரத்தில் நீலக் கோடு ஒன்று இருந்த இடம் தெரிந்தது, கோடு இல்லை. இரண்டு இடத்தில் தைத்திருந்தார்கள். கையில் எடுத்தால் துணி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி அவ்வளவு மெத்து.

"யாரு கட்டினதுன்னு கேளுங்க," என்றாள் மதி.

கேட்டேன். இந்தத் துணியை இதற்கு முன் யார் பயன்படுத்தினார்கள் என்று நான் ஜெர்மனில் கேட்ட விதத்தில் அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. சுத்தத்தைப் பற்றிப் புகார் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கொதிக்கிற தண்ணீரில் துவைத்தது, பயப்பட வேண்டாம், வேண்டுமானால் இப்போதே புதிதாக ஒன்று தருகிறேன் என்று குழந்தையின் பக்கம் கை நீட்டினார்.

மதி துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நைன், நைன்!" என்றாள், வேண்டாம் வேண்டாம் என்று. அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் அந்த நேரத்தில் அவ்வளவுதான் மிச்சம்.

நான் நிதானமாக எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். வாழ்ந்தவர்கள் உடுத்திய துணி என்று சொல்லி முடித்தபோது அந்தப் பெண் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார். புதுத் துணிகள் தண்ணீரை உறிஞ்சாது, சொரசொரவென்று இருக்கும், அதனால் இங்கே இருக்கிற செவிலியர்கள் எல்லோரும் மிகப் பழைய துணிகளைக் கழித்துவிடாமல் பிறக்கும் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கி வைப்பார்கள் என்றார். இது அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இருக்கிறதாம்.

"யார் என்று எப்படிச் சொல்வது?" என்றார். "இந்த ஊர்க் குழந்தைகள். இதில் சுற்றிய பிள்ளைகள் இப்போது சைக்கிளில் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஒருவன் எனக்குப் பல் வைத்தியம் பார்க்கிறான்."

நான் அதைத் தமிழில் மதியிடம் சொன்னேன்.  மதி சிரித்துக்கொண்டே அழுதாள். "வாழ்ந்தவங்கதான்," என்றாள். "எல்லாரும் வாழ்ந்தவங்கதாங்க." ஒரு வீட்டுத் துணி வேண்டுமென்று நாங்கள் கடல் கடந்து தேடிக்கொண்டிருந்தோம். ஒரு ஊரே உடுத்திய துணி அந்தத் தட்டில் மடிந்து கிடந்தது. அந்த அறையில் நின்று அந்தச் சின்னத் துணியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை.

வீட்டுக்குப் புறப்படுகிற அன்று ரஹீம் பாய் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். பெட்டி கிடைத்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. துப்பட்டியை அவிழ்த்தோம். அத்தானின் வேட்டியை விரித்துப் பையனை மாற்றினோம்.

ஆஸ்பத்திரித் துணியை நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்று மதி கேட்டாள். நரைத்த தலைச் செவிலியர் இல்லை என்று தலையை ஆட்டினார். அன்பாகத்தான். "முடியாது. பக்கத்து அறையில் ஒருத்தி வலியில் இருக்கிறாள். இது போன்றவை எங்களிடம் அதிகம் இல்லை."

மதி பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்தத் துணியை மடியில் வைத்து நீவி நீவி நான்காக மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அந்தப் பெண் அதை வாங்கித் துவைக்கப் போகிற கூடையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள்ளேயே என் மகன், இந்த ஊரில் யாரோ ஒரு பிள்ளைக்கு, வாழ்ந்தவன் உடுத்திய பழைய துணி கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.